வராண்டாவும் ஆஸ்பத்திரிதான்

கோட்டைத்தானே பார்க்கிறீர்கள்? தாராளமாகப் பாருங்கள், தம்பி. விருதுநகரில் ஏறியதிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வருகிறீர்கள். இந்த வெயிலில், அரசு பஸ்ஸில், ஜன்னலோரம் ஒருவன் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? கண்டக்டர் என்னை வக்கீல் என்றே நினைத்துவிட்டார். ‘சார், கோர்ட்டு லீவா?’ என்று கேட்டார். நான் வக்கீல் இல்லை. பிணம்.

அட, தள்ளி உட்காராதீர்கள். நாடகத்தில்.

மடித்துப் பையில் வைத்தால் சுருங்கிவிடும் என்று போட்டுக்கொண்டேன். பிணத்தின் கோட்டில் சுருக்கம் இருக்கக் கூடாது. உயிரோடு இருக்கிறவன் எப்படி வேண்டுமானாலும் திரியலாம். பெட்டியில் படுக்கவைக்கும்போது தேய்த்துத்தான் போடுவார்கள். இந்தக் கோட்டுக்கு முன்பக்கம் மட்டும்தான் உண்டு. முதுகில் துணி கிடையாது, இரண்டு நாடா, அவ்வளவுதான். படுத்திருப்பவனுக்கு முதுகு எதற்கு? அதனால்தான் சாய்ந்தே உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே சட்டை இருக்கிறது, கவலைப்படாதீர்கள். குழுவில் இதைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுக்கவில்லை. ஏன் கொடுக்க வேண்டும்?

நீங்களும் நாகர்கோவிலுக்குத்தானே? நல்லது. அப்படியென்றால் முழுவதும் சொல்லலாம்.

அயர்லாந்து நாடகம். பழையது இல்லை, நம் காலத்தது. எழுதியவர் இன்னும் இருக்கிறார் என்று பெனடிக்ட் சொன்னான். அவர் பெயர் என் நாக்கில் நிற்காது. பெனடிக்ட் எங்கள் இயக்குநர், தூத்துக்குடிக்காரன், என்னைவிட ரொம்பச் சின்னவன். அவனே தமிழில் எழுதினான். கதை இதுதான். கடலோரத்தில் ஒரு கிராமம். ஒரு வீட்டில் அப்பா செத்துப்போய்விட்டார். அந்த ஊர் வழக்கப்படி பெட்டியைக் கூடத்தில் வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்து குடிக்கிறார்கள், சீட்டாடுகிறார்கள், சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள். அப்பா இருந்தவரை சொல்ல முடியாததையெல்லாம் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறார்கள். அவர் பதில் சொல்வதில்லை. கடைசிவரை சொல்வதில்லை. அதுதான் நாடகம்.

எங்கள் குழு மதுரையில் இருக்கிறது. கூட்டுறவுப் பண்டகசாலையில் வேலை பார்த்துக்கொண்டே இத்தனை காலம் அதில் நடித்திருக்கிறேன். ராஜா வேஷம், நீதிபதி வேஷம், குடிகாரன் வேஷம், எல்லாம் பேசுகிற வேஷம். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் எனக்கு. அப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, ‘சோலை அண்ணாச்சி, நீங்கதான் அப்பா’ என்றான் பெனடிக்ட். எனக்குச் சந்தோஷம். பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அப்பாவுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

‘என்னப்பா இது?’ என்றேன்.

‘அண்ணாச்சி, மூச்சு விடுறது தெரியாம அவ்வளவு நேரம் படுக்க உங்களை விட்டா யாரு இருக்கா?’

உண்மைதானே. நெஞ்சு ஏறி இறங்காமல் அடிவயிற்றால் மூச்சு விட வேண்டும். லேசான வேலை இல்லை. மூத்த மகளாக நடிக்கிற தில்லை மட்டும் அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: ‘நம்ம அண்ணனைப் பேசாம இருக்கவைக்க அயர்லாந்துக்காரன் வந்து நாடகம் எழுத வேண்டியிருக்கு பாருங்க.’ எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல பெண்தான். நகைச்சுவை மட்டும் வராது அவளுக்கு.

நீங்கள் ஏதோ கேட்க வந்தீர்கள். இருங்கள், முக்கியமான இடம் இனிமேல்தான்.

நாடகம் முடிகிறபோது திரை விழாது. அந்த ஊரில் அக்கம்பக்கத்தார் வரிசையாக வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, செத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்களாம். பெனடிக்ட் என்ன செய்தான் என்றால், பார்க்க வந்தவர்களையே அக்கம்பக்கத்தார் ஆக்கிவிட்டான். விருப்பம் இருப்பவர்கள் மேடைக்கு ஏறி, பெட்டியைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கி வெளியே போகலாம். அரங்கு காலியாகிறவரை நான் எழுந்திருக்கக் கூடாது. மற்றவர்கள் கைதட்டு வாங்குவார்கள். எனக்குக் கைதட்டும் கிடையாது.

முதலில் எனக்கு அது அவமானமாகத்தான் இருந்தது. சினிமாவில்கூடப் பிணமாக நடித்தவரை, ஷாட் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிக்கவைத்துப் படம் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். தோஷம் போக. ‘எனக்கு அந்த ஒரு சிரிப்பாவது வேண்டாமா?’ என்று பெனடிக்டிடம் கேட்டேன். ‘நீங்க எந்திரிச்சுட்டா வந்தவங்க வீட்டுக்கு எதைக் கொண்டுட்டுப் போவாங்க?’ என்றான். படித்த பையன், இப்படித்தான் பேசுவான்.

தஞ்சாவூரில் முதல் ஆட்டம். நாடகத்தை எல்லோரும் அமைதியாகப் பார்த்தார்கள். வரிசை ஆரம்பித்ததும் முன்னால் வந்த பெரியவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, என்னைப் பார்க்காமல் பெனடிக்டைக் கூப்பிட்டார். ‘தலை தெற்கே இல்லையா இருக்கணும்? வடக்கே வச்சிருக்கேளே!’ அயர்லாந்துப் பிணத்துக்குத் தெற்கென்ன வடக்கென்ன? ஆனால் அவர் நகர மாட்டேன் என்றார். பின்னால் வரிசை தேங்கிவிட்டது. கடைசியில் பெனடிக்டும் இரண்டு பேரும் சேர்ந்து பெட்டியை, என்னோடு சேர்த்து, திருப்பி வைத்தார்கள். நான் கண்ணைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எந்த ஊர் போனாலும் பெனடிக்ட் மேடைக்கு ஏறியதும் செய்கிற முதல் வேலை, செல்போனை எடுத்துத் தெற்கு எங்கே என்று பார்ப்பது.

அதற்கு அப்புறம்தான் தம்பி, அது நடந்தது. பேச ஆரம்பித்தார்கள்.

‘போய்ட்டு வாங்க’ என்றாள் ஒருத்தி. காலைத் தொட்டாள். ஒரு ஆள், கனத்த குரல், குனிந்து மெதுவாகச் சொன்னார்: ‘அப்பா, வீட்டை வித்துட்டோம்ப்பா.’ யாருடைய அப்பாவோ. யாருடைய வீடோ. ஒரு பெண் ‘வலிச்சுதா?’ என்று மட்டும் கேட்டாள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் என் மூக்குக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் நிறையப் பேர் நிஜமாகவே பேசினார்கள். இத்தனை வருஷம் மேடையில் நின்று நான்தான் ஜனங்களிடம் பேசியிருக்கிறேன். என்னிடம் யாரும் பேசியதில்லை. படுத்திருந்தால் பேசுகிறார்கள்.

ஒவ்வொருவருக்கும் என்னிடம் பதில் இருந்தது, தெரியுமா? வீட்டை விற்றவருக்கு, விற்றது சரிதான், ஆனால் அவசரப்பட்டிருப்பீர்கள் என்று. வலித்ததா என்று கேட்டவளுக்கு ஒரு பதில். எல்லாவற்றையும் மனசுக்குள் சொல்லி முடித்துவிடுவேன். சில பதில்கள் ரொம்ப நன்றாக வந்தன. வீணாகிவிட்டன.

இதோ கோவில்பட்டி. ஏதாவது வாங்குகிறீர்களா? வேண்டாமா? நல்லது, பேச்சு அறுந்துவிடும்.

எனக்கு ஒரு மகள். செம்மலர். கல்யாணமாகித் திருநெல்வேலியில் இருக்கிறாள், பாளையங்கோட்டைப் பக்கம். அவள் அம்மா போனதிலிருந்து என்னோடு பேசுவதில்லை. சண்டை இல்லை. சண்டை போட்டால்கூடப் பேச்சு இருக்குமே. பொங்கலுக்கு மருமகன் போன் செய்வார், ‘நல்லா இருக்கீங்களா மாமா’ என்பார், அவள் பக்கத்தில் நிற்பது தெரியும், வாங்க மாட்டாள். நான் அவரிடமே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லிவிடுவேன். அவரும் பொறுமையாகக் கேட்பார்.

திருநெல்வேலியில் ஆட்டம் என்று முடிவானதும் நோட்டீஸைப் படம் எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. அன்று சாயங்காலம் பெட்டியில் படுக்கும்போது எனக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. வருவாளா? வந்தால் வரிசையில் நிற்பாளா? நின்றால் என்ன சொல்வாள்?

வந்தாள். கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது. பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவாள், அவள் அம்மாவைப் போலவே. பெட்டிக்கு இடதுபக்கம் செருமல் கேட்டது. என் அடிவயிற்று மூச்சுகூட ஒரு நிமிஷம் நின்றுவிட்டது. நிஜப் பிணம் தோற்றிருக்கும்.

‘அப்பா’ என்றாள்.

நான் அசையவில்லை.

‘உங்க முன்னாடி நின்னு ஒரு பேச்சை முழுசா பேசி முடிக்க இன்னைக்குத்தான் வழி கிடைச்சிருக்கு’ என்றாள். கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. அப்புறம் சொன்னாள்: ‘அம்மா கடைசி வரைக்கும் உங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. நீங்க ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கலை. ஆனாலும்...’

இங்கேதான் நீங்கள் நியாயம் சொல்ல வேண்டும், தம்பி. எட்டிப் பார்க்கவில்லையாம்! நான் தினமும் போனேன். மதுரையில் அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனைக் கேளுங்கள், என் முகம் தெரியும் அவனுக்கு. வேலை முடிந்து நேரே போய் அந்த வார்டு வராண்டாவில், பச்சை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். போகும்போது சாத்துக்குடி வாங்கிப் போவேன். நர்ஸிடம் கொடுத்து, உள்ளே கொடுத்துவிடுங்கள் என்பேன். என் மனைவிக்குப் பழுத்த பழம் ஆகாது, புளிப்பு வேண்டும். பச்சை மாறாததாகப் பார்த்துப் பொறுக்குவேன். கடைக்காரன் சிரிப்பான். பச்சை சாத்துக்குடி உள்ளே வந்ததே, அதை உரித்துக் கொடுத்தவள் இவள்தானே, யார் பொறுக்கியிருப்பார்கள் என்று தெரிய வேண்டாமா? நானே போய்ச் சொல்லிக்காட்ட வேண்டுமா?

வார்டுக்குள் போகவில்லை. அது வேறு விஷயம். வராண்டா ஆஸ்பத்திரி இல்லையா? சொல்லுங்கள். வராண்டாவும் அந்தக் கட்டடத்துக்குள்தானே இருக்கிறது?

ஒரு நாள் கதவுவரை போனேன். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். உள்ளே போனால் திரும்பிப் பார்ப்பாள். பார்த்தால் நான் ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் இந்தக் குரலில்தானே வரும்? வசனம் பேசுவது போல் இருக்கும். அந்த அறையில் போய் நான் வசனம் பேசவா? திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். சரியா தப்பா என்று நான் யோசிக்காமல் இல்லை. நிறைய யோசித்திருக்கிறேன். ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஆனால் எட்டிப் பார்க்கவில்லை என்பது பொய். கண்ணாடி வழியாகப் பார்த்ததற்குப் பெயர் வேறென்ன?

அதனால் எழுந்துவிட்டேன்.

பெட்டிக்குள் எழுந்து உட்கார்ந்து, ‘சாத்துக்குடி யாரு வாங்கினா?’ என்றேன்.

என் குரல் தெரியும் உங்களுக்கு, இப்போது அடக்கித்தான் பேசுகிறேன். அரங்கு முழுவதும் கேட்டிருக்கும். வரிசையில் நின்ற ஒரு அம்மா ‘ஐயோ, முருகா!’ என்று அலறிப் பின்னால் இருந்தவர்மேல் விழுந்தார். யாரோ மேடையிலிருந்து குதித்து ஓடினார்கள். செருப்பு ஒன்று அங்கேயே கிடந்தது. அப்புறம் பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். அது பரவியது. அரங்கே சிரித்தது. சிலர் கைதட்டினார்கள், நாடகத்தின் முடிவே அதுதான் என்று நினைத்துக்கொண்டு. ‘சாத்துக்குடி யாரு வே வாங்கினா, சொல்லும் வே!’ என்று ஒருவன் கத்தினான்.

செம்மலர் மட்டும் பயப்படவில்லை. கவனியுங்கள், அத்தனை பேரில் அவள் மட்டும் துளியும் பயப்படவில்லை. எதிர்பார்த்தவள் மாதிரி நின்றாள். என்னைப் பார்த்தாள். ‘செத்தாலும் விட மாட்டீங்களாப்பா?’ என்றாள். சத்தமாக இல்லை. பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் பின்னாலேயே சாத்துக்குடி விஷயத்தை விளக்கிக்கொண்டு போக நினைத்தேன். பெட்டியிலிருந்து சட்டென்று இறங்க முடியவில்லை, கால் மரத்துப்போயிருந்தது.

பெனடிக்ட் கத்தவில்லை. எல்லோரும் போன பிறகு பெட்டியின் ஓரத்தில் வந்து உட்கார்ந்தான். ‘அண்ணாச்சி, இந்த நாடகமே அவரு எந்திரிக்க மாட்டாருங்கிறதுதானே?’

‘எழுதினவருக்கு என் மகளைத் தெரியாது’ என்றேன்.

‘எனக்கும் தெரியாது அண்ணாச்சி. ஆனா அவங்க பேசிக்கிட்டிருந்தாங்க.’

‘தப்பாப் பேசிக்கிட்டிருந்தா.’

‘இருக்கட்டுமே’ என்றான். இருக்கட்டுமாம்! என் முகத்துக்கு நேரே என்னைப் பற்றி ஒரு தப்பான தகவல் சொல்லப்படுகிறது, நான் படுத்துக்கொண்டு கேட்க வேண்டுமாம். அன்றைக்கே சொல்லிவிட்டேன், இனி இந்தப் பெட்டியில் படுக்க வேறு ஆளைப் பாருங்கள் என்று. கோட்டோடு ஊருக்கு வந்துவிட்டேன். அவன் என்ன செய்தான் தெரியுமா? தூத்துக்குடி ஆட்டத்துக்கு ஆளே தேடவில்லை. நீளத் தலையணை ஒன்றைப் பெட்டியில் வைத்து வெள்ளைத் துணி மூடிவிட்டான். தலையணை முன்னால் ஜனங்கள் அழுதார்களாம். எனக்கு அழுததைவிட அதிகமாக. தில்லைதான் போன் செய்து, கேட்காமலே சொன்னாள்: ‘அண்ணே, தலையணை ரொம்ப நல்லா நடிக்குது. குறுக்கே பேசறதே இல்லை.’

இருங்கள். நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று தெரியும். போனால் போகிறது என்று விட்டிருக்கலாமே என்பீர்கள். அதுதானே? எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். விட மாட்டேன். நான் செய்யாத குற்றத்தை யார் சொன்னாலும், எத்தனை தடவை சொன்னாலும், எழுந்து உட்காருவேன்.

நேற்று சாயங்காலம் பெனடிக்ட் கூப்பிட்டான். குரலில் ஒரு தயக்கம். ‘அண்ணாச்சி, உங்க மக போன் பண்ணினாங்க. நாகர்கோவில்ல பெட்டியில யாரு படுக்காங்கன்னு கேட்டாங்க.’

‘நீ என்ன சொன்னே?’

‘தலையணைன்னு சொன்னேன். தலையணைன்னா வரலைன்னுட்டாங்க.’

கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலுக்கு, தலையணை என்றால் வர மாட்டாளாம். அதற்கு என்ன அர்த்தம்? நான் செய்தது சரி என்றுதானே அர்த்தம்? எழுந்ததால்தானே மறுபடி வருகிறேன் என்கிறாள்? ராத்திரி முழுவதும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு படுத்திருந்தேன். விடிகிறபோதுதான் வேறு மாதிரித் தோன்றியது.

பெனடிக்ட் ஒரு நிபந்தனை போட்டான். ‘எந்திரிக்க மாட்டேன்னு வாக்குக் கொடுத்தா வாங்க.’ நான் வாக்குக் கொடுக்கவில்லை. யாருக்கும் வாக்குக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு. ‘வரேன், தெற்கு எதுன்னு பார்த்து வை’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதோ, காற்றாலை எல்லாம் வந்துவிட்டது. ஆரல்வாய்மொழி. இதைத் தாண்டினால் ஊர் பக்கம்தான்.

அன்றைக்கு அவள் சொன்னதில் கடைசியில் ஒன்று இருந்தது, உங்களிடம் சொன்னேனே. ‘ஆனாலும்’ என்று. முதல் பேச்சே தப்பாக இருக்கும்போது ‘ஆனாலும்’ வரைக்கும் யார் கவனிப்பார்கள்? நான் பொருட்படுத்தவே இல்லை. விடியற்காலையில் அது மட்டும் காதில் வந்து நின்றுகொண்டது. ஆனாலும் என்றால் அதற்குப் பின்னால் ஏதோ இருந்திருக்க வேண்டும். திட்டாகவும் இருக்கலாம். என்னவோ இருந்தது. அதன்மேல்தான் எழுந்து உட்கார்ந்தேன்.

தம்பி, ஒரு உதவி செய்யுங்கள். உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அப்புறம் சொல்லுங்கள். இப்போது ஒரு சின்ன ஒத்திகை. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். கை இப்படி நெஞ்சின்மேல். நீங்கள்தான் செம்மலர். அவள் சொன்னதை அப்படியே சொல்லுங்கள். ஆஸ்பத்திரிப் பக்கமே எட்டிப் பார்க்கலை என்று சொல்லுங்கள். அப்புறம் ‘ஆனாலும்’ என்று சொல்லி, உங்களுக்கு என்ன வருகிறதோ அதைச் சொல்லுங்கள். உங்களுக்கும் ஒரு அப்பா இருப்பார்தானே. நான் பேசாமல் இருக்கிறேனா என்று பார்ப்போம்.

ம். சொல்லுங்கள்.

இல்லை, இல்லை தம்பி, அவள் அவ்வளவு அழுத்திச் சொல்லவில்லை. ‘எட்டிப் பார்க்கலை’ என்பதை மெதுவாகத்தான்...

சரி. பேசிவிட்டேன். தெரிகிறது, சிரிக்காதீர்கள். முன்சீட்டுக்காரர் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்? பார்க்கட்டும்.

மறுபடி. கண்ணை மூடிவிட்டேன். இந்தத் தடவை நடுவில் வர மாட்டேன். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் வாயைத் திறக்கவில்லை. நான் போனேன். தினமும் போனேன். வராண்டாவும் ஆஸ்பத்திரிதான். அதை எந்தச் சபையில் கேட்டாலும் எழுந்து நின்று சொல்வேன்.

இப்போது சொல்லுங்கள். முதலிலிருந்து வேண்டாம். ‘ஆனாலும்’ என்பதிலிருந்து சொன்னால் போதும்.